மோமாவுக்கு முதல் முறை போகிறீர்களா? அர்த்தம் அப்புறம், முதலில் அளவைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகிறார். நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்கு, அதாவது மோமாவுக்கு, மகள் டிக்கெட் எடுத்துவிட்டார். "கோயில் சிற்பம் பார்ப்பேன், ரவிவர்மா படங்கள் பிடிக்கும். கோடும் கட்டமும் போட்டு மாட்டியிருப்பதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. போகத்தான் வேண்டுமா? போனால் எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போங்கள் சார். ரவிவர்மா பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்ன மாதிரி இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. ரவிவர்மா பிறந்தது 1848இல். மோமாவில் நீங்கள் பார்க்கப்போகும் ஓவியர்களில் மோனே 1840, வான்கோ 1853. மூவரும் ஒரே காலத்து ஆட்கள்தான். ஐரோப்பியர்களின் எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொண்டு, சேலைச் சரிகையின் மினுக்கத்தையும் தோள்பட்டையின் சதையையும் அச்சு அசலாகக் கொண்டுவர ரவிவர்மா பாடுபட்ட அதே வருடங்களில், பாரிஸில் சிலர் அந்த அச்சு அசலே வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கேமரா வந்துவிட்டது, அதனால்தான் என்பார்கள். அது பாதிக் கதை. ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களும் ஆப்பிரிக்க முகமூடிகளும் அவர்கள் கையில் கிடைத்தன. உலகத்தில் பெரும்பாலோர் அச்சு அசலாக வரைய ஆசைப்பட்டதே இல்லை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நமக்கு இதெல்லாம் புதிதா? தூணில் இருக்கும் யாளியைப் பார்த்து, இப்படி ஒரு மிருகம் எந்தக் காட்டில் திரிகிறது என்று நாம் கேட்பதில்லை. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினிக்கு எட்டுக் கை இருப்பது நம்மை உறுத்துவதில்லை. அந்தக் கண்ணோடுதான் நீங்கள் மோமாவுக்குப் போகிறீர்கள்.

முதல் முறை போகிறவர்களைப் படுத்தும் கேள்வி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்பது. என் யோசனை, அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டைக் கேளுங்கள்: இது எவ்வளவு பெரிது? இதை எதை வைத்து, எப்படிச் செய்திருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் ஃபோனில் பதில் கிடையாது. ஃபோனில் எல்லா ஓவியமும் உள்ளங்கை அளவு, எல்லாமே வழவழ. இந்த ஓவியர்களில் பலர் உருவத்தைக் குறைத்துக்கொண்டதே அளவையும் வண்ணத்தின் பருமனையும் பேசவிடத்தான். அதை நேரில் பார்க்காமல் அர்த்தம் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் மன்ஹாட்டனில் 53ஆம் தெரு, ஐந்தாம் அவென்யூவுக்கும் ஆறாம் அவென்யூவுக்கும் நடுவில். நியூ ஜெர்சி ரயிலில் பென் ஸ்டேஷன் வந்தால் அங்கிருந்து 'ஈ' (E) என்ற சுரங்க ரயில். ஐந்தாம் அவென்யூ 53ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கி ஒரு நிமிட நடை. காலை 10.30க்குத் திறப்பார்கள், அந்நேரத்துக்கே போய்விடுங்கள். பெரியவர்களுக்கு டிக்கெட் 30 டாலர், 65 வயது நிரம்பியவர்களுக்கு 22. மகள் அதைக் கவனித்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், கோட் வைக்கும் இடத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போய்ப் பிரிக்க முடியாது. 53ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சேரும் முனையில் தள்ளுவண்டிகள் நிற்கும், சைவம் என்றால் ஃபலாஃபல், அதாவது கொண்டைக்கடலை வடை மாதிரி ஒன்று, வாங்கலாம். இன்னொன்று, அமெரிக்காவில் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுவார்கள். கீழே நான் சொல்லும் ஐந்தாம் தளம் நம் கணக்கில் நான்காவது மாடி.

லிஃப்டில் நேரே ஐந்தாம் தளத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி வாருங்கள். 1880களிலிருந்து 1940கள் வரை ஐந்தில். 1970கள் வரை நான்கில். அதற்குப் பிந்தையவை இரண்டாம் தளத்தில். ஆறாம் தளம் தற்காலிகக் கண்காட்சிகளுக்கு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் கால் வலிதான் மிஞ்சும். ஏழெட்டுப் படங்கள் போதும், மீதியை நடந்து கடந்துவிடுங்கள். 2019இல் கட்டடத்தைப் பெரிதாக்கித் திறந்ததிலிருந்து அறைகளை அவ்வப்போது மாற்றி அடுக்குகிறார்கள். நான் சொல்லும் படங்களில் ஒன்றிரண்டு அன்றைக்குச் சுவரில் இல்லாமல் போகலாம். அவர்கள் இணையதளத்தில் எது காட்சியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் தளத்தில் ஒரு சுவர் முன்னால் மட்டும் ஃபோனைத் தூக்கிப் பிடித்த கைகள் தெரியும். அதுதான் வான்கோவின் 'விண்மீன் இரவு'. 1889 ஜூனில் வரைந்தது. அகலம் 92 சென்டிமீட்டர், உயரம் 74. இவ்வளவுதானா என்று எல்லோருக்கும் முதலில் ஒரு ஏமாற்றம் வரும், உங்களுக்கும் வரட்டும். கூட்டம் நேர் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கலையும். நீங்கள் பக்கவாட்டில் போய், படத்தைச் சாய்வாகப் பாருங்கள். நிலாவைச் சுற்றியும் நட்சத்திரங்களைச் சுற்றியும் வண்ணம் கொத்தனார் கரண்டியால் வைத்த சாந்து மாதிரி மேடாக நிற்கும். ஒரு தூரிகை இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, சில இடங்களில் வண்ணமே படாத வெறும் துணி தெரியும். அவசரமாக, ஈரத்தின் மேல் ஈரமாக வரைந்திருக்கிறார் என்பது அப்போது புரியும். சைப்ரஸ் மரத்துக்கு வலப்பக்கம், கீழே, வெள்ளையாகப் பெரிதாக ஒன்று மின்னுகிறதே, அது விடிவெள்ளி. தெற்கு பிரான்சில் சான் ரெமி என்ற ஊரில் மனநல விடுதியில் இருந்தபோது, விடியலுக்கு வெகு முன்பே ஜன்னல் வழியே அதைப் பார்த்ததைத் தம்பிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் படத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வரையவில்லை. கீழே, வேலை செய்யக் கொடுத்திருந்த அறையில், பகலில் வரைந்தார். அந்த ஊரும் கோபுரமும் பாதி கற்பனை. வரைந்தவருக்கே இந்தப் படத்தின் மேல் பெரிய திருப்தி இருக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

அடுத்து டாலியின் உருகும் கடிகாரங்கள், 1931. இதைச் சுவரொட்டியாகவோ டீ-ஷர்ட்டிலோ பார்க்காதவர் குறைவு. நேரில் அது 24க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது! வான்கோவிடம் ஒரு அடி பின்னால் நின்றீர்கள் என்றால் இங்கே மூக்கை நீட்ட வேண்டும், காவலர் முறைக்காத தூரம் வரை. இடது ஓரத்தில் மூடிக் கிடக்கும் ஆரஞ்சுக் கடிகாரத்தின் மேல் எறும்புகள் மொய்க்கும். தூரிகைத் தடமே தெரியாது. வான்கோ தன் கையைக் காட்டிக்கொள்கிறார், டாலி ஒளித்துக்கொள்கிறார். கனவை நம்ப வைக்க இந்த ஒளிவு தேவைப்பட்டிருக்கிறது. ரவிவர்மாவிடம் நீங்கள் ரசித்த கைத்திறன் இங்கே அப்படியே இருக்கிறது, ஆனால் இல்லாத ஒன்றை வரைவதற்காக.

அப்புறம் பிகாசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்', 1907. ஏறக்குறைய எட்டடிச் சதுரம். ஐந்து பெண்கள், ஐந்து பேரும் கண்ணாடியை உடைத்து ஒட்டினாற்போல. அவிஞ்ஞோன் என்பது பார்சிலோனாவில் உள்ள ஒரு தெருவின் பெயர், இவர்கள் விலைமாதர்கள். ஆரம்ப வரைவுகளில் ஒரு மாலுமியும் ஒரு மருத்துவ மாணவனும் இருந்தார்கள். கடைசியில் பிகாசோ அவர்களை எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள், அவர்கள் உங்களைத்தான் பார்க்கிறார்கள். படம் எட்டடி இருப்பதால்தான் இது உறைக்கிறது. வலது பக்கத்து இரண்டு முகங்களைத் தனியாகக் கவனியுங்கள். மற்ற மூன்றோடு ஒட்டாமல், முகமூடி மாட்டியது போல் இருக்கும். அந்த வருடம் பாரிஸில் ஒரு அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அழகான படமா என்றால், எனக்கு இல்லை. ஆனால் அதன் முன் நிற்கும்போது சும்மா நிற்க முடிவதில்லை.

கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். மோனேவின் அல்லிக் குளத்துக்குப் போய் உட்காருங்கள். மூன்று தனித்தனித் துணிகளில் வரைந்தது, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் உயரம், நாலேகால் மீட்டர் அகலம். சேர்த்தால் சுவர் முழுக்கத் தண்ணீர். கரையும் இல்லை, வானமும் இல்லை, வானத்தின் நிழல் மட்டும் இருக்கிறது. கண்புரையால் பார்வை மங்கிய வருடங்களில் வரைந்தது. 1923இல்தான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இங்கே முதலில் இருந்த அல்லிக் குளம் வேறு. 1958இல் கட்டடத்தில் வேலை நடந்தபோது தீப்பிடித்து அது எரிந்துபோனது, ஒரு தொழிலாளியும் இறந்தார். அதற்குப் பதிலாக வாங்கியதுதான் இந்த மூன்று பாகப் படம். இங்கே ஒன்றும் யோசிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மகள் பக்கத்து அறைகளைச் சுற்றிவிட்டு வரட்டும்.

கோடும் கட்டமும் என்றீர்களே, அதற்கு வருவோம். மாலேவிச்சின் 'வெள்ளை மேல் வெள்ளை', 1918. 79 சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் சாய்ந்து நிற்கும் இன்னொரு சதுரம், இரண்டும் வெள்ளை. ஃபோனில் இது ஒரு வெற்றுத் திரை. என் பேரனே போடுவான் என்று சொல்லத் தோன்றும், சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு கிட்டே போங்கள். இரண்டு வெள்ளையும் ஒன்றில்லை. ஒன்றில் லேசாகச் சூடு, மற்றதில் லேசாகக் குளிர்ச்சி. உள் சதுரத்தின் ஓரம் ஸ்கேல் வைத்து இழுத்தது கிடையாது, கையால் போட்டது, கொஞ்சம் நடுங்கியிருக்கும். தூரிகைத் தடங்களும் தெரியும். ரஷ்யப் புரட்சிக்கு அடுத்த வருடம் வரைந்த படம் இது. ஊர் மொத்தமும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம் என்ற வேகத்தில் இருந்த நேரம். சில வருடங்களிலேயே சோவியத் அரசு இந்த வகை ஓவியத்தை ஒதுக்கிவிட்டது, ஹிட்லரின் ஜெர்மனியிலோ இது சீரழிந்த கலை. மோமாவின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் 1935இல் ஹனோவர் நகரில் மறைத்து வைக்கப்பட்டிருந்த மாலேவிச் படைப்புகள் சிலவற்றை ஜெர்மனிக்கு வெளியே கொண்டுவந்தார், அவற்றில் இரண்டு ஓவியங்களைக் குடைக்குள் சுருட்டி வைத்து. இரண்டு அரசாங்கங்களுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் இவ்வளவு எரிச்சல் மூட்டியிருக்கிறது என்றால், பேரன் போடும் கட்டத்திலிருந்து இது எங்கேயோ வேறுபடத்தானே வேண்டும்?

இந்த மோமாவே ஒரு துணிச்சலான காரியம்தான். மூன்று பணக்காரப் பெண்மணிகள் சேர்ந்து ஆரம்பித்தது. திறந்தது 1929 நவம்பர் 7. வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை கவிழ்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வங்கியில் இருந்த உங்களுக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் தளத்தில் பொல்லாக். 'ஒன்று: எண் 31', 1950. ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். துணியைத் தரையில் விரித்து, சுற்றி நடந்தபடி குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் வண்ணத்தைச் சொட்டவும் வீசவும் செய்தவர். முதலில் தூர நின்று பாருங்கள், பிறகு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்துகொண்டே பாருங்கள். நடந்தால்தான் இந்தப் படம் ஓடும். எது முதலில் விழுந்தது, எது அதன் மேல், எங்கே வண்ணம் துணிக்குள் ஊறியது, எங்கே குட்டையாகத் தேங்கிச் சுருங்கியது என்று ஒவ்வொரு கோடாகப் பிரித்துப் பார்க்கலாம். அவருடைய 1947ஆம் வருடத்துப் படம் ஒன்றும், 'ஐந்து பாகம் ஆழம்' என்று (பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் அளவு), இவர்களிடம் இருக்கிறது. அது மாட்டியிருந்தால் பக்கத்தில் உள்ள சீட்டைப் படியுங்கள்: ஆணி, பொத்தான், சாவி, நாணயம், சிகரெட், தீக்குச்சி எல்லாம் வண்ணத்தோடு சேர்த்துப் பட்டியலில் இருக்கும். அப்புறம் அவற்றைப் படத்தில் தேடுங்கள். பொதுவாகவே அந்தச் சீட்டில் எனக்குப் பயன்படுவது, எதனால் செய்தது என்று சொல்லும் அந்த ஒரு வரிதான். அதற்குக் கீழே நீளமாக எழுதியிருக்கும் விளக்கத்தை, படத்தைப் பார்த்து முடித்த பிறகு வேண்டுமானால் படிக்கலாம்.

பார்னெட் நியூமனின் பெரிய சிவப்புப் படமும் இங்கேதான், அதுவும் ஐந்தரை மீட்டர் கிட்ட இருக்கும். சிவப்பு, நடுவே சில மெல்லிய நெடுங்கோடுகள். பெரிய படம் என்று எல்லோரும் பின்னால் தள்ளி நிற்பார்கள். ஆனால் இவர் 1951இல் காட்சிக்கு வைத்தபோது, இவற்றைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அறிவிப்பே மாட்டினார். அவர் சொன்னபடி நின்று பாருங்கள், இரண்டு ஓரமும் கண்ணிலிருந்து நழுவி, சிவப்பு மட்டும் மிஞ்சும்.

வார்ஹாலின் சூப் டப்பாக்கள், 1962. 32 படங்கள், கேம்ப்பெல் கம்பெனி அன்றைக்கு விற்ற 32 சூப் வகைகள். லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலில் வைத்தபோது, மளிகைக் கடை அலமாரி போலவே ஒரு விளிம்பில் வரிசையாக நிறுத்தினார்கள். பக்கத்து காலரிக்காரர் நிஜ டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி, எங்களிடம் மலிவு என்று கிண்டல் செய்தார். எல்லாம் அச்சடித்தது என்று நினைத்துப் போகிறோம். கையால் வரைந்தவை. டப்பாவின் அடியில் ஓடும் பூ வரிசையைப் பாருங்கள், முத்திரை குத்தியதில் ஏறுக்குமாறு இருக்கும்.

கதை சொல்லும் படம்தான் வேண்டும் என்றால் ஜேக்கப் லாரன்ஸ். அமெரிக்காவின் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே ரயிலேறிய கறுப்பின மக்களின் கதையை 1940-41இல் 60 சிறு பலகைகளில் வரைந்தார், அப்போது அவருக்கு வயது 23. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. 60 பலகையையும் ஒன்றாகப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு வண்ணத்தை எடுத்தால் அது எங்கெல்லாம் வருமோ எல்லாப் பலகையிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த வண்ணத்தைத் தொட்டார். கதை முழுக்க அதே மஞ்சள், அதே பச்சை ஓடுவது அதனால்தான். இரட்டைப்படை எண்கள் இங்கே. ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்தில். ஊரை விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நமக்கு இந்தப் படங்களுக்கு உரை தேவைப்படாது.

பிடிக்காததைக் கடந்து போக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஸ்டூல் மேல் சைக்கிள் சக்கரத்தைப் பொருத்தி வைத்த புகழ்பெற்ற படைப்பு இங்கே இருக்கிறது. கலை என்று எதைச் சொல்வது என்ற சண்டையைத் தொடங்கியவற்றில் அது முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை பார்த்துச் சிரித்த பிறகு, மறுபடி பார்க்க அதில் எனக்கு ஒன்றும் இல்லை. 1913இல் செய்த மூலம் தொலைந்துபோய், இது 1951இல் மறுபடி செய்தது. தொலைந்ததால் பெரிய நஷ்டம் இல்லை என்பதே அதைப் பற்றிய நல்ல விமர்சனம் என்று எனக்குத் தோன்றும். புரியவில்லையே என்று குறுகவும் வேண்டாம். 1961இல் இதே மோமாவில் மத்தீஸின் காகிதக் கத்தரிப்புப் படம் ஒன்று, படகும் தண்ணீரில் அதன் நிழலும், தலைகீழாக 47 நாள் தொங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பங்குத் தரகர் பெண்மணி. நிழலைப் படகைவிட விவரமாகவா வரைவார் என்ற சாதாரணச் சந்தேகம்தான் அவருக்கு.

இரண்டாம் தளத்தை மகளுக்கு விட்டுவிடுங்கள். வீடியோ, ஒலி, அறை முழுக்கப் பொருட்கள் என்று இருக்கும், ஆசை இருந்தால் எட்டிப் பார்க்கலாம். நீங்கள் கீழே சிற்பத் தோட்டத்துக்கு வாருங்கள். பிகாசோவின் பெண் ஆடு அங்கே நிற்கும் வழக்கம். வெண்கல வார்ப்புதான், ஆனால் அச்சுக்கு வைத்த மூலத்தைக் குப்பையில் பொறுக்கியவற்றால் கட்டினார்: வயிற்றுக்குப் பிரம்புக் கூடை, முதுகுக்குப் பனை வகை மரத்தின் மட்டை, மடிக்கு மண் ஜாடிகள். வெண்கலத்திலும் கூடையின் பின்னல் தெரியும், தேடுங்கள்.

தோட்டத்திலோ நுழைவுக் கூடத்திலோ பிரெஞ்சுச் சிற்பி ரோதான் செய்த பால்சாக் சிலை இருக்கும். ஒன்பதடி உயரம், மேலங்கியைப் போர்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கும் எழுத்தாளர். செய்யச் சொன்ன எழுத்தாளர் சங்கமே 1898இல் இதை வேண்டாம் என்று திருப்பிவிட்டது, வெண்கலத்தில் வார்த்ததை ரோதான் உயிரோடு பார்க்கவில்லை. கோயில் சிற்பம் பார்ப்பேன் என்றீர்களே, அதனால் இதைச் சொல்கிறேன்: இதே ரோதான் தன் கடைசிக் காலத்தில், அரக்கோணத்துக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலை, கை, கால் என்று ஒவ்வொரு கோணமாக வர்ணித்து எழுதியது. நேரில் பார்த்ததில்லை, சென்னையிலிருந்து போன புகைப்படங்களை வைத்தே எழுதினார். அந்த நடராசர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இருக்கிறது. விமானம் சென்னையிலிருந்து என்றால், கிளம்பும் முன் அரை நாள் அங்கே போய்ப் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.